கேஎல் சென்ட்ரல் – பட்டர்வொர்த் இடிஎஸ்: வண்டியும் அதை விற்ற நாடும்

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு செல்ல விமானம், விரைவுப் பேருந்து, சொந்தக் கார் என்று மூன்று வழிகள் இருந்தாலும், கடந்த சில ஆண்டுகளாக நான் நான்காவது வழியான இடிஎஸ் என்ற மின்சார ரயிலில்தான் போய் வருகிறேன். சென்ற மாதம் அக்காள் பேத்தியின் காதுகுத்துக்காகப் பட்டர்வொர்த் போய்த் திரும்பியபோது, இந்தச் சேவையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. இருக்கை எப்படி, குளிர் எப்படி என்று பலரும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவரின் மகன் நான். ஒரு வண்டியைக் கண்டால், அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைவிட, அதை யார் செய்தார்கள், பழுதானால் யார் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதே எனக்கு முதலில் எழும் கேள்வி. இந்த மதிப்புரையும் அந்தக் கேள்வியின் பின்னால்தான் போகிறது.

முதலில் பயணிக்குத் தேவையானவற்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண வகுப்பில் ஒரு வழிப் பயணம் நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். பயண நேரம் ஏறத்தாழ நான்கு மணி. ஆறு பெட்டிகள், இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள், கைப்பேசிக்கு மின்னூட்ட வசதி, நடுவில் ஒரு சிற்றுண்டிப் பெட்டி. இருக்கைகள் திரும்பாதவை என்பதால் பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டே பினாங்கு போய்ச் சேருவார்கள். பின்னோக்கிப் போனால் தலை சுற்றும் என்பவர்கள் பதிவு செய்யும்போதே கவனிக்க வேண்டும். குளிர் தாங்காதவர்கள் சால்வை எடுத்துக்கொள்வது நல்லது. தீபாவளி, தைப்பூசம், சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் ஆகியவற்றையொட்டிய நாள்களில் போக நினைப்பவர்கள் விற்பனை தொடங்கியவுடனே டிக்கெட் வாங்கிவிட வேண்டும். பிறகு வாங்கலாம் என்று இருந்தவர்களைப் புடு பேருந்து நிலையக் காலத்திலிருந்தே பார்த்து வருகிறேன். அவர்கள் கடைசியில் யாராவது மாமாவின் காரில்தான் போகிறார்கள்.

வண்டி புறப்படும் கோலாலம்பூர் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சுற்றிப் பார்த்தால், உலக அரசியல் பாடம் ஒன்று இலவசமாகக் கிடைக்கும். கிளானா ஜெயா வழித்தடத்தின் எல்ஆர்டி நகர ரயில், கனடாவின் பம்பார்டியர் நிறுவன வண்டி. விமான நிலையத்துக்குப் போகும் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ஜெர்மனியின் சீமென்ஸ் செய்த வண்டியாகத் தொடங்கி, பின்னர் சீனத் தயாரிப்புகளையும் சேர்த்துக்கொண்டது. 2012இல் ஓடத் தொடங்கிய ஆறு பெட்டி கொம்யூட்டர் புறநகர் ரயில்கள், மொத்தம் 38 தொடர்கள், சீனாவின் சூசோ (Zhuzhou) நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. 2010இல் ஈப்போவரை அறிமுகமான முதல் இடிஎஸ் வண்டிகள் தென்கொரியாவின் ஹூண்டாய் ரோட்டெம் செய்தவை. வடக்கே போகும் இரண்டாம் தலைமுறை வண்டிகள் மீண்டும் சூசோவைச் சேர்ந்தவை. வண்டிகளை விட்டுத் தண்டவாளத்துக்கு வந்தாலும் இதே கதைதான். சிரம்பானிலிருந்து கெமாஸ் வரையிலான இரட்டைப் பாதையை அமைத்தது இந்திய அரசின் இர்கான் நிறுவனம். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவரை 192 கிலோமீட்டருக்குப் பொறுப்பேற்றது சீன நிறுவனங்களின் கூட்டு. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார்வரை 329 கிலோமீட்டரை முடித்தவை உள்ளூர் நிறுவனங்கள். இப்படிப் பல கடைகளில் சாமான் வாங்கும் பழக்கத்தை என் அம்மாவும் கைவிட்டதே இல்லை. ஒரே மளிகைக் கடையில் கணக்கு வைத்தால் விலையைக் கடைக்காரர்தான் சொல்வார் என்பது அவர் கண்ட உண்மை.

வண்டி புறப்பட்டு ராவாங் தாண்டியதும் வேகம் பிடிக்கிறது. ஒரு மீட்டர் அகலமே உள்ள பாதையில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிகள் உலகில் அதிகமில்லை. பாலில்லாத தேநீர் தளும்பாமல் நிற்கிறது. இந்த வேகத்துக்குக் காரணம் வண்டி மட்டுமன்று. வளைவுகளை நிமிர்த்தி, ரயில்வே கேட்டுகளை நீக்கி, மேலே மின்கம்பி இழுத்ததுதான் பாதிக் காரணம். ஆனால் பயணிகள் பார்ப்பது வண்டியை மட்டுமே என்பதால், பாராட்டும் திட்டும் அதைச் செய்தவருக்கே போய்ச் சேர்கின்றன. சீனாவுடனான உறவைப் பற்றிய நம்மவர் பேச்சிலும் இதே குறையை நான் பார்க்கிறேன். விற்பவர் கெட்டிக்காரரா, வஞ்சகரா என்பதையே விவாதித்துக்கொண்டு, வாங்கியவர் என்ன எழுதிக் கையெழுத்திட்டார் என்பதைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம்.

பத்து காஜா நிலையம் வரும்போது நான் எப்போதும் சன்னலோரம் எழுந்து நிற்பேன். என் தந்தை வேலை செய்த செந்தூல் பட்டறையின் பணிகள் பின்னாளில் இங்கேதான் இடம் பெயர்ந்தன. சூசோ தொழிற்சாலையின் உரிமையாளரான சீனாவின் சிஆர்ஆர்சி நிறுவனம் தென்கிழக்காசியாவில் தனது முதல் ரயில் தயாரிப்பு நிலையத்தை 2015இல் திறந்ததும் இதே ஊரில்தான். செந்தூலில் தமிழர்கள் கொதிகலனைப் பிரித்தார்கள், சக்கரத்தைக் கடைந்தார்கள், பெட்டிகளின் மரவேலையையும் செய்தார்கள். வண்டி இங்கிலாந்தில் பிறந்திருந்தாலும் அதன் பிற்பாதி வாழ்க்கை செந்தூல்காரர்களின் கையில்தான் இருந்தது. சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, எழும் ஓசையை வைத்தே வெடிப்பைக் கண்டுபிடிப்பார்கள் என்று அப்பா சொல்வார். இன்றைய வண்டியில் அந்த வேலையை உணர்விகளும் கணினியும் செய்கின்றன; சுத்தியலுக்குப் பதில் மென்பொருள். ஆகவே வளரும் நாடு ஒன்று பெரிய நாட்டிடம் வண்டி வாங்கும்போது கேட்க வேண்டிய விலை இரண்டு: வண்டியின் விலை ஒன்று, அதைத் திறந்து பார்க்கும் அறிவின் விலை இன்னொன்று. பத்து காஜாவில் ஒரு தொழிற்சாலை அமைந்தது இரண்டாவது விலையில் நமக்குக் கிடைத்த தள்ளுபடி என்பது என் கருத்து. அங்கே பாகங்களைப் பொருத்தி வண்டியாக்குகிறார்கள், பராமரிக்கிறார்கள். அங்கிருந்து வடிவமைப்புவரை போவதற்குப் பத்து காஜாவிலிருந்து சூசோவுக்கு உள்ள தூரம் இன்னும் கடக்க வேண்டியிருக்கிறது.

இதே சிஆர்ஆர்சி அமெரிக்காவிலும் தொழிற்சாலை வைத்திருக்கிறது. பாஸ்டன் நகரத்தின் சுரங்க ரயில் பெட்டிகளுக்கான ஒப்பந்தத்தை 2014இல் அதன் முன்னோடி நிறுவனம் வென்றபின், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பாகங்களைப் பொருத்திப் பெட்டிகளாக்கத் தொடங்கியது. 2019 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம், நடுவண் அரசின் பணத்தில் சீன அரசு நிறுவனங்களிடமிருந்து இனி ரயில் பெட்டிகளோ பேருந்துகளோ வாங்கக்கூடாது என்று சட்டம் போட்டது. நாம் பினாங்குக்குப் போகும் வண்டியின் உறவுக்கார வண்டி பாஸ்டனில் பாதுகாப்பு அச்சுறுத்தலாகப் பேசப்படுகிறது. பணமும் சொந்தத் தொழிற்சாலைகளும் உள்ள நாட்டால் அப்படிக் கதவைச் சாத்திவிட முடியும். நமக்கு அந்த வசதி இல்லை என்பது மட்டுமன்று, அந்த விருப்பமும் இல்லை. 2009 முதல் மலேசியாவின் மிகப் பெரிய வணிகக் கூட்டாளி சீனா. அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே, 1974 மே மாதத்தில், ஆசியான் நாடுகளில் முதலாவதாகப் பெய்ஜிங்குடன் தூதரக உறவு ஏற்படுத்தியவர் நம் அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக். அப்போது நம் காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு மோதல் இன்னும் ஓயவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்பது புரியும்.

இந்த இடத்தில் கிழக்குக் கரை ரயில் திட்டத்தைப் பேசாமல் மேலே போக முடியாது, ஏனெனில் பேரம் என்றால் என்ன என்பதற்கு நம் நாட்டில் அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கிளந்தானின் கோத்தா பாருவிலிருந்து திரெங்கானு, பகாங் வழியாகக் கிள்ளான் துறைமுகம் வரும் அந்தப் பாதைக்கு 2016இல் சீனாவின் சிசிசிசி நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. செலவில் 85 சதவீதம் சீன எக்சிம் வங்கியின் கடன். 2018இல் ஆட்சி மாறியதும், மொத்தச் செலவு ஏறத்தாழ 81 பில்லியன் ரிங்கிட் என்று கணக்குக் காட்டி வேலையை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் பெய்ஜிங் சென்ற அன்றைய பிரதமர் துன் மகாதீர், சீனப் பிரதமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஏழை நாடுகளுக்கும் பணக்கார நாடுகளுக்கும் இடையே புதிய வகைக் காலனியாதிக்கம் உருவாகிவிடக் கூடாது என்றார். அதோடு உறவு முறிந்தது என்று பலர் எழுதினார்கள். முறியவில்லை. முன்னாள் நிதியமைச்சர் துன் டாயிம் பேச்சுவார்த்தைக்குத் தலைமை ஏற்றார். 2019 ஏப்ரலில் அதே நிறுவனத்தோடு, 65.5 பில்லியனாக இருந்த கட்டுமான விலையை 44 பில்லியன் ரிங்கிட்டாகக் குறைத்துப் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். கட்டுமானத்தில் உள்ளூர் ஒப்பந்ததாரர்களின் பங்கு 30இலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தது. வண்டிகளை இயக்கும் பொறுப்பிலும் நட்டத்திலும் சீனத் தரப்பு சரிபாதி ஏற்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. பின்னர் வந்த அரசு பாதையை மீண்டும் மாற்றியதில் செலவு 50 பில்லியனைத் தாண்டியது, நீளம் 665 கிலோமீட்டர் ஆனது. அந்த ஏற்றத்துக்குக் காரணம் பெய்ஜிங் அன்று, நம் அரசு இருக்கும் புத்ராஜெயா.

முதலில் கேட்ட விலைக்கும் முடிந்த விலைக்கும் இடையே இருபது பில்லியனுக்கு மேல் வேறுபாடு இருந்ததென்றால், முதல் விலையை ஒப்புக்கொண்டவர் யார் என்ற கேள்வி எழத்தானே செய்யும்? எழும் வல்லரசு ஒன்று கொடை வள்ளலாகவும் வருவதில்லை, கந்துவட்டிக்காரனாகவும் வருவதில்லை. சொந்த நாட்டில் இரும்பும் சிமெண்டும் பொறியாளர்களும் தேவைக்கு மேல் இருக்கிற ஒரு பெரிய ஒப்பந்ததாரராக வருகிறது. ஒப்பந்ததாரரிடம் வீடு கட்டக் கொடுத்தவர்களுக்கு மீதிக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

அம்பாந்தோட்டையைப் பற்றிப் பேசாத தமிழ் வீடு இல்லை. இலங்கை அந்தத் துறைமுகத்தை 2017இல் 1.12 பில்லியன் டாலருக்கு ஒரு சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டதை, கடன் கட்டாததால் ஜப்தி செய்தார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. இலங்கையின் டாலர் பற்றாக்குறைக்கே பயன்பட்டது. அந்நாட்டின் கடன்களில் பெரும் பகுதி மேற்கத்தியச் சந்தைகளில் விற்ற பத்திரங்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதற்காக, சீனக் கடனில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. லாவோஸைப் பாருங்கள்: 2021 டிசம்பரில் வியந்தியானுக்கு ஏறக்குறைய 6 பில்லியன் டாலர் செலவில் ரயில் வந்தது, நன்றாகவும் ஓடுகிறது, அவ்வளவு சிறிய பொருளாதாரத்துக்கு அது தூக்க முடியாத பாரம். இந்தோனேசியாவின் ஜகார்த்தா–பண்டுங் அதிவேக ரயில் 2015இல் ஜப்பானிடமிருந்து சீனாவின் கைக்கு மாறியது, அரசு உத்தரவாதம் தேவையில்லை என்ற வாக்குறுதியோடு. 2023 அக்டோபரில் ஓடத் தொடங்குவதற்குள் செலவு 1.2 பில்லியன் டாலர் ஏறி, அரசின் பணமும் உள்ளே போய்விட்டது. நம் அரசும் இப்போது சீனாவிடமிருந்து 62 ரயில் தொடர்களை 30 ஆண்டுக் குத்தகைக்கு, 10.7 பில்லியன் ரிங்கிட்டுக்கு எடுக்க முடிவு செய்திருக்கிறது. இலங்கையில் குத்தகைக்குக் கொடுத்தார்கள். இங்கே குத்தகைக்கு எடுக்கிறோம். குத்தகை வண்டியின் பராமரிப்பில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வேலை என்ன தரத்தில் இருக்கும் என்பதை, அப்பா இருந்திருந்தால் முதல் கேள்வியாகக் கேட்டிருப்பார்.

சீனாவின் நிழலில் மட்டும் உட்கார்ந்துவிடவும் இல்லை நாம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா உலகம் முழுவதற்கும் வரி அறிவித்த சில நாள்களில் அதிபர் சி ஜின்பிங் கோலாலம்பூர் வந்தார். நமக்கு முதலில் 24 சதவீதம் என்றார்கள், பிறகு 25 என்றார்கள், ஆகஸ்டில் 19இல் நிறுத்தினார்கள். அக்டோபர் 26ஆம் தேதி ஆசியான் மாநாட்டுக்கு வந்த டிரம்புடன் வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபர் 28ஆம் தேதி, அதே கோலாலம்பூரில், சீனப் பிரதமர் லி சியாங் முன்னிலையில் ஆசியான்–சீனத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் மேம்படுத்திய வடிவம் கையெழுத்தானது. மாநாட்டுக்காகச் சாலைகளை மூடியதில், கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு நினைவிருப்பது நெரிசல் மட்டுமே. அமெரிக்க ஒப்பந்தத்தில் ஓர் உட்பிரிவு இடம்பெற்றது: பொருளாதாரப் பாதுகாப்பு என்று சொல்லி அமெரிக்கா மூன்றாம் நாடு ஒன்றின் மேல் கட்டுப்பாடு விதித்தால், மலேசியாவும் அதற்கு ஒத்த நடவடிக்கையை எடுக்க வேண்டும் என்ற பொருளில் எழுதியது. அந்த மூன்றாம் நாடு எது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எதிர்க்கட்சியினர் எழுப்பிய கேள்விக்கு, நம் நலனுக்கு உட்பட்டே செய்வோம் என்று அரசு விடை சொன்னது. பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972 முதல் இன்டெல் இருக்கிறது. அந்தத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் இந்த ரயிலோ சூசோவிலிருந்து வந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாராவது கட்டாயப்படுத்தினால், அந்த மாநிலத்துக்குக் காலையில் வேலைக்குப் போக வழியிருக்காது, அல்லது போய்ச் சேர்ந்தபின் செய்ய வேலையிருக்காது.

மறுபடியும் வண்டிக்குள் வருவோம். கோலக் கங்சாரைத் தாண்டியதும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள பெராப்பிட் சுரங்கம். அதன் பிறகு தைப்பிங். அதன் பிறகு புக்கிட் மேரா ஏரியை வண்டி நடுவே கடக்கும் அந்தச் சில நிமிடங்கள், இருபுறமும் நீர், தலைக்கு மேல் வானம். முழுப் பயணத்தில் கைப்பேசியை வைத்துவிட வேண்டிய நேரம் அதுதான். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுவரை 1885இல் போட்டதே மலாயாவின் முதல் ரயில் பாதை. வெள்ளீயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோக பிரிட்டிஷார் இலங்கையிலிருந்து தொழிலாளர் படையை வரவழைத்தார்கள். பிறகு ஜப்பான் எழுந்தது. 1942–43இல் சயாம் மரண ரயிலுக்கு நம் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஏற்றிப் போனதோடு, கிளந்தான் பக்கத்துக் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களையும் பெயர்த்துக்கொண்டு போனது. தண்டவாளம் போடுகிறோம் என்று வருகிற பெரியவர்களைச் சற்று உற்றுப் பார்க்கும் பழக்கம் நம் சமூகத்துக்கு அங்கிருந்து வந்திருக்க வேண்டும். அதே ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று 1982இல் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்ததும் நாம்தான்.

பட்டர்வொர்த்தில் இறங்கினால் படகுத்துறை நடக்கும் தூரத்தில். சாமான் இருந்தாலும் மின்தூக்கிகளும் மேல்நடைபாதையும் இருப்பதால் சிரமமில்லை. படகிலிருந்து தெற்கே தெரியும் முதல் பினாங்குப் பாலம், 13.5 கிலோமீட்டர், 1985இல் திறந்தது, கொரியாவின் ஹூண்டாய் கட்டியது. அதற்கும் தெற்கே பத்து காவானிலிருந்து போகும் இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர், 2014 மார்ச்சில் திறந்தது. சீனக் கடன் 800 மில்லியன் டாலர், கடலுக்குள் வேலை செய்ததில் பெரும் பங்கு சீனாவின் சைனா ஹார்பர் நிறுவனத்துக்கு. கொரியாவுக்கு அப்போது பெரிய வெளிநாட்டு வேலைகள் தேவைப்பட்டன. முப்பது ஆண்டு கழித்துச் சீனாவுக்கும் தேவைப்பட்டன. கார்காரர்கள் இரண்டிலும் டோல் கட்டிவிட்டுப் போகிறார்கள். காதுகுத்து வீட்டில் இதைச் சொன்னபோது அக்காள் மருமகன், "மாமா, எந்தப் பாலத்துல ஜாம் கம்மின்னு சொல்லுங்க, அது போதும்" என்றார். இரண்டாவதில்தான் குறைவு, ஆனால் சுற்று.

திரும்பும் நாள் வண்டி நடைமேடையில் தயாராக நின்றது. பெட்டி வாசலில் டிக்கெட் பார்த்த இளைஞரின் சட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டதும், "தம்பி, இது எங்க செஞ்ச வண்டி?" என்று கேட்டேன், சூசோ என்றோ சீனா என்றோ சொல்வார் என்று நினைத்தேன். அவர் வண்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "பத்து காஜாவுல இருந்துதான் வந்துச்சு அங்கிள். சக்கரம் நேத்துதான் பார்த்தாங்க" என்றார். எனக்குக் கிடைத்த இருக்கை பின்னோக்கியது. ஈப்போ வரும்வரை தூங்கிவிட்டேன்.